ஞாயிற்றுக்கிழமை பொங்கும் சுனை

அஞ்சலை அக்கா பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாறைக்கு முன்னால் நின்றார். பாறை காய்ந்து கிடந்தது.

எங்கள் தோட்டத்து அம்மன் கோவிலுக்குப் பின்னால், தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் அந்தக் கரும்பாறை இருக்கிறது. அதன் அடியில் உள்ள வெடிப்பிலிருந்து, எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அம்மன் சுனை என்போம். தண்ணீர் வழிந்த இடமெல்லாம் பாறையில் செந்நிறம் படிந்திருக்கும். அது அம்மனின் குங்குமம் என்று விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குங்குமம் மட்டும் இருந்தது.

பனி முழுதாக விலகவில்லை. கற்பூர வாசனை ஈரத்தில் மேலே போகாமல் தரையோடு நின்றது. சுனையைச் சுற்றிப் பெண்கள் சிலர் கூடியிருந்தார்கள்.

"போன வாரம் ஒழுகிக்கிட்டாவது இருந்துச்சு. இப்பச் சுத்தமா நின்னுருச்சு பாரு."

"ஞாயித்துக்கெழம பொங்குற சுனைடி இது. ஞாயித்துக்கெழமயே இல்லன்னா அப்புறம் எப்ப?"

"மேல எவனாச்சும் காய்கறித் தோட்டத் தவுக்கே, மொதலாளி, பைப்பு போட்டு இழுத்துருப்பான் லா."

"நம்ம கோவிலுக்கு மேல ஏதுடி காய்கறித் தோட்டம்? திரிங்காப் பக்கம்னா சரி. இங்க தேயிலை, அத விட்டாக் காடு."

பிறகு ஒருத்தி, குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "சாவு வீட்டுத் தண்ணியக் கொண்டாந்து ஊத்துனா நிக்காம என்ன செய்யும்?"

யாரும் அவளை அதட்டவில்லை. அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. குடத்தை இறக்கிப் பாறைமேல் கவிழ்த்து வைத்தார். அந்தக் குடத்தை அவர் கவிழ்த்து நான் பார்த்ததில்லை. ஞாயிறுதோறும் அம்மனுக்கு முதல் குடம் அவர் கையால்தான் போகும். கணவர் இறந்த பிறகும் இந்த வேலையை விட வேண்டாம் என்று கோவில் தலைவர் பெருமாள் அண்ணனே சொல்லியிருந்தார்.

நான் வழக்கம்போலக் கோவில் தூணுக்குப் பின்னால் நின்றேன். கூட்டம் என்றால் எனக்கு ஒரு தூண் வேண்டும். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது மெதுவாகச் சொன்னார்.

"சரியாத்தான் சொல்றாளுங்க தம்பி. நாந்தான் நிப்பாட்டிட்டேன்."

மீதித் தண்ணீர்

அக்கா செய்தது இதுதான்.

அவர் கணவர் காளிமுத்து அண்ணன் எங்கள் தோட்டத்துக் கொழுந்து லோரி ஓட்டியவர். கோலா தெர்லா வளைவுகளில் காய்கறி லோரிகளுக்கு வழி விட்டு விட்டே நரைத்துப் போனேன் என்பார். நுரையீரல் கெட்டு, கீழே ஈப்போவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அக்கா வாரா வாரம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வருவார். போகும்போதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் சுனைத் தண்ணீர் கொண்டு போவார்.

கடைசியாகப் போனபோது அண்ணனால் ஒரு மடக்குத்தான் குடிக்க முடிந்தது. மீதிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணனின் உடலை ஏற்றிய வேனிலேயே அக்கா மலையேறி வந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தப் போத்தல் வீட்டில் நின்றது. அம்மன் தண்ணீர், சாக்கடையில் ஊற்ற முடியாது. குடிக்கவும் மனம் வரவில்லை. எங்கிருந்து எடுத்தாரோ அங்கேயே கொண்டு போய் ஊற்றிவிட்டு வந்தார். வீட்டில் தீட்டு இருக்கிறது என்பது அப்போது அவர் நினைவில் இல்லை. தேயிலைக்குள் நின்ற யாரோ பார்த்துவிட்டார்கள்.

கருமாதி முடிந்த கையோடு சுனை மெலியத் தொடங்கியது. ஞாயிறு வந்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஞாயிறும் வந்தது.

அது வெயில் காலம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மேட்டு வீடுகளின் குழாயில் அந்த மாதங்களில் காற்றுதான் வரும். பள்ளத்தில் இருக்கும் கடைசி வீடு அக்காவுடையது. அவர் வாசல் குழாய் மட்டும் நிற்காது. வாளிகளோடு எல்லோரும் அங்கேதான் போவோம். அக்கா உள்ளேயிருந்தபடியே, "மொதல்ல வந்தவ மொதல்ல புடி, சண்ட போடாதீங்கடி" என்று கத்துவார். சண்டை போடுவார்கள்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு வாளிகள் அக்கா வீட்டைத் தாண்டி, தொழிற்சாலைக் குழாய் வரைக்கும் மேட்டில் ஏறிப் போயின. ஒருவரும் அவரை நேரில் ஒன்றும் சொல்லவில்லை. வாளிகளே சொல்லின.

என் மனைவி லெட்சுமி மட்டும் பழைய இடத்திலேயே பிடித்தாள். அவள்தான் வந்து சொன்னாள்.

"அக்கா சாமான் கட்டுதுங்க. கிள்ளான்ல மக வீட்டுக்குப் போயிருதாம்."

"திருவிழாவுக்கு அப்புறமா?"

"திருவிழா முடிஞ்சதும் வேன் சொல்லியிருக்கு. அம்மன் மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னு கேக்குது. சோறு கூட எறங்கல."

இந்த லயத்தில் பிறந்து, இந்த லயத்திலேயே கல்யாணமாகி, ஒரு வீடு விட்டு இன்னொரு வீட்டுக்குப் போனவர் அக்கா. அம்மனை வற்ற வைத்தவள் என்ற பெயரோடு அவர் மலை இறங்கினால் திரும்பி ஏற மாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

டீச்சர் கொண்டு வந்த வாளி

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததில் பலதும் மறந்துவிட்டது. ஒரு வாளி மட்டும் மறக்கவில்லை.

கெடாவிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு டீச்சர் எங்களுக்கு அறிவியல் நடத்தினார். எங்கள் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு, தும்மலுக்கு நடுவில் பாடம் சொல்வார்.

ஒரு நாள் வாளி நிறையத் தண்ணீரைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். "இதுதான் உலகத்துல இருக்கிற மொத்தத் தண்ணின்னு வச்சுக்குங்க" என்றார். அதிலிருந்து ஒரு தகரக் குவளையில் மொண்டு எடுத்தார். வாளியில் இருப்பதெல்லாம் உப்பு, கடல். குவளையில் இருப்பதுதான் நல்ல தண்ணீர்.

எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அவர் குவளையையும் சாய்த்தார். பெரும்பகுதியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, இது வடக்கிலும் தெற்கிலும் உறைந்து கிடக்கும் பனிக்கட்டி என்றார். மிச்சத்தை இன்னொரு கிண்ணத்தில் ஊற்றினார். இது மண்ணுக்கு அடியில் இருப்பது, பாறை இடுக்கில் நிற்பது. கடைசியில் குவளையின் விளிம்பில் சில துளிகள் தொங்கின.

"ஆறு, ஏரி, நீங்க குடிக்கிறது, குளிக்கிறது, மேல போற மேகம், எல்லாம் இதுதான்."

பிறகு கரும்பலகையில் வட்டம் ஒன்று வரைந்தார். கடல், ஆவி, மேகம், மழை, மலை, ஆறு, மறுபடி கடல். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் கேட்டான், "டீச்சர், நம்ம லயம் எங்க இருக்கு?" டீச்சர் யோசித்துவிட்டு, மலைக்கும் மேகத்துக்கும் நடுவில் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தார்.

"புதுசாத் தண்ணி ஒன்னும் பொறக்குறதில்ல. போனதுதான் வருது" என்றார் டீச்சர், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

எனக்கு அன்று நிறையக் கேள்விகள் இருந்தன. கேட்கவில்லை. புரியாததைக் கேட்கவும் எனக்குக் கூச்சம், புரிந்ததைச் சொல்லவும் கூச்சம். இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்து வேலைக்கு வந்தேன். கூச்சத்தை நிறுத்த வழி தெரியவில்லை.

வட்டத்தில் இல்லாத அம்பு

எனக்குத் தொழிற்சாலையின் வாட்டும் மாடியில் வேலை. பறித்து வந்த கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றாடியால் காற்றை விடுவோம். பல மணி நேரம் ஓடும். விறைப்பாக வந்த இலை மெல்ல மெல்லத் துவளும். கையில் பிடித்து அமுக்கினால் பட்டுத்துணி மாதிரி ஒடுங்க வேண்டும். அப்போது மாடி முழுக்க, நறுக்கிய கொய்யாக்காய் போல ஒரு வாசனை வரும்.

இலையிலிருந்து போவது தண்ணீர். மாடியின் ஜன்னல்கள் வழியாக ஈரக்காற்றாகப் போய், வெளியே நிற்கும் பனியோடு சேர்ந்துவிடும். எது இலை விட்டது, எது மலையில் முன்பே நின்றது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆக, என் பிழைப்பு தண்ணீரை மேலே திருப்பி அனுப்புவது. டீச்சரின் வட்டத்தில் இந்த அம்புக்குறி கிடையாது. அதை நானாக மனத்துக்குள் போட்டுக்கொண்டேன்.

வெயில் காலத்தில் கொழுந்து குறையும். மாடியில் ஆள் அதிகம் வேண்டாம். அப்போது என்னைக் குழாய் வேலைக்கு அனுப்புவார்கள். அந்த வருஷமும் அனுப்பினார்கள். கூட இருந்தவன் ரஃபீக் என்ற வங்காளதேச இளைஞன். காட்டோரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. தொழிற்சாலைக்கும் லயத்துக்கும் அதே தொட்டித் தண்ணீர்தான். அங்கிருந்து தொழிற்சாலைக்கு, எந்தக் காலத்துத் துரையோ தேயிலைக்கு அடியில் புதைத்து வைத்த இரும்புக் குழாய் ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு, ரோட்டோரமாகக் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் போடச் சொன்னார் தோட்டத்து உதவி மேலாளரான சின்னத் துரை.

பழைய குழாயைத் தோண்டி எடுக்க முடியாது. தேயிலை வேர்கள் அதைக் கட்டிப் பிடித்திருந்தன. தொழிற்சாலை பக்கத்தில் இருந்த துண்டுகளை மட்டும் அறுத்தெடுத்து, முனையில் மூடி போட்டோம். மேலே தொட்டியில் வால்வை அடைத்தோம்.

"சுடா துவா லா, பாங்" என்று ரஃபீக் குழாயைத் தட்டிக் கொடுத்தான். கிழடாகிவிட்டது, அண்ணே. "பாகி தியா ரெஹாட்." ஓய்வெடுக்கட்டும்.

அக்கா வீட்டில் கருமாதி நடந்த வாரம் அது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

காற்சட்டையில் குங்குமம்

சேர்த்து வைத்தவள் லெட்சுமி. அதுவும் தெரியாமல்.

சுனை நின்ற அந்த வாரத்தில் ஒரு நாள், வேலைக்கு நடுவில் அறுத்துப் போட்ட குழாய்த் துண்டுகள் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். சாயங்காலம் என் காற்சட்டையைத் துவைக்க எடுத்தவள், விரித்துப் பிடித்துச் சிரித்தாள்.

"என்னங்க, சொல்லாமக் கொள்ளாமச் சுனைக்குப் போயிருக்கீங்க? அதுவும் குங்குமத்து மேலயே உக்காந்துருக்கீங்க?"

"எங்கடி போனேன்? பைப்புத் துண்டு மேலதான்..."

பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் கையிலிருந்து காற்சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அதே நிறம். விரலால் தேய்த்தேன். அதே பொடி.

துரு.

இரும்புக் குழாய் கோவிலுக்கு நேர் மேலே தேயிலைக்குள் போகிறது. எங்கோ ஓர் இணைப்பு விட்டிருக்கிறது. ஒழுகிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, பாறையில் முட்டி, வெடிப்பு வழியாக வெளியே வந்திருக்கிறது. எந்த வெயிலுக்கும் வற்றாமல் வந்ததன் காரணம் அதுதான். நாங்கள் வால்வை அடைத்த பிறகு, மண்ணில் ஊறி நின்றது வடியும் வரைக்கும் சில நாள் கசிந்துவிட்டு நின்றுபோயிருக்கிறது.

"லெட்சுமி, பெக்டரி என்னைக்கு லீவு?"

"இது ஒரு கேள்வியா? ஞாயித்துக்கெழம."

மற்ற நாளெல்லாம் தொழிற்சாலை தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் குழாயும் மூடிக் கிடக்கும். உள்ளே அழுத்தம் ஏறும். விட்டுப்போன இணைப்பு வழியாக அதிகமாகப் பீறிடும். சுனை பொங்கும். அம்மன் சந்தோஷமாக இருக்கிறாள் என்று நாங்கள் ஞாயிறுதோறும் பூசை வைத்தோம்.

எனக்குத் தெரிந்த வகையில் விளக்கிச் சொன்னேன். லெட்சுமி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நம்ம கல்யாணத்துக்கு எடுத்தாந்த தண்ணி?"

"அதுவும்."

"பிள்ளைக்கி மொட்ட போட்டப்ப?"

"அதுவுந்தான்."

"அட கடவுளே! இத்தன வருஷமா பைப்பு ஒழுகுனதுக்கா கற்பூரம் காட்டுனோம்?"

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தவள், ஜன்னல் வழியாகக் கடைசி வீட்டைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

ஸ்பேனர் போதும்

"ஒன்னு செய்யுங்க" என்றாள் பிறகு. "வால்வ லேசாத் தொறந்து விட்டுருங்க. ஒருத்தருக்கும் தெரிய வேணாம். சுனை வந்துருச்சுன்னா எல்லாம் வாய மூடிருவாளுங்க. அக்காவும் போகாது."

அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யாரோடும் பேச வேண்டாம். ஒரு ஸ்பேனர் போதும். ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது ஸ்பேனரைப் பையில் போட்டும் வைத்தேன். வழியில் அக்கா வீட்டு வாசலில் பெட்டி ஒன்று பச்சை நைலான் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தது. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

சுனை திரும்பி வந்தால் அக்கா என்ன நினைப்பார்? அம்மன் மன்னித்துவிட்டாள் என்று நினைப்பார். அழுவார், வேண்டிக்கொள்வார், மஞ்சள் துணி முடிந்து வைப்பார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கிடைத்தால், குற்றத்தைச் செய்தது உறுதியாகிவிடும். கணவர் வாயில் ஊற்றிய தண்ணீரின் மிச்சத்தால் அம்மனை வற்ற வைத்தேன் என்று காலம் முழுக்க அவரே நம்புவார். ஊரும் நம்பும். வாளிகள் திரும்பி வரும், ஆனால் அந்த நினைப்பும் கூடவே வரும்.

வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"அக்கா, என்னோட மேல் தொட்டி வரைக்கும் வரணும்."

"நானா? நான் தொட்டா அதுவும் வத்திப் போயிரும் தம்பி."

"அதுக்காகத்தான் கூப்பிடுறேன்."

வாய் இல்லாத ஊற்று

சாயங்காலம் போனோம். லெட்சுமியைக் கைப்பேசியோடு பாறையடியில் உட்கார வைத்திருந்தேன்.

தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் காற்று மாறும். அடிமரத்திலிருந்து கிளை நுனி வரைக்கும் பாசி பிடித்த மரங்கள். மழை இல்லாத அந்த மாதத்திலும் அங்கே கால் புதையும் அளவுக்கு ஈரம். அக்கா மூச்சு வாங்க ஏறினார். நடுநடுவே கேட்டார், "எதுக்குடா இழுத்துட்டுப் போற? சொல்லித் தொலையேன்." தொட்டிக்கு வந்து சேர்ந்ததும் வால்வைக் காட்டினேன்.

"நீங்களே திருகுங்க அக்கா."

இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். இரும்பு முனகியது. பிறகு காலடியில், மண்ணுக்குள், ஏதோ ஓடும் சத்தம் கேட்டது.

காத்திருந்தோம். தண்ணீர் தொட்டிக்கு எங்கிருந்து வருகிறது என்று அக்கா பார்த்தார். நானும் அன்றுதான் நின்று பார்த்தேன். அதற்கு வாய் என்று ஒன்றில்லை. பாசியிலிருந்து ஒரு சொட்டு, வேர் நுனியிலிருந்து ஒரு சொட்டு, பாறை மேல் ஒரு பூச்சு ஈரம். எல்லாம் சேர்ந்து ஒரு கை அகலத்துக்கு ஓடி வந்து தொட்டியில் விழுந்தது. மரங்களுக்கு நடுவே பனி நுழைந்துகொண்டிருந்தது. இலைகளில் அது துளியாகி விழுவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

கைப்பேசி அடித்தது. லெட்சுமி கத்தியது காட்டுக்கே கேட்டிருக்கும்.

"என்னங்க! நனையுது! பாறை நனையுது! வருதுங்க, செவப்பா வருது... அக்காகிட்ட குடுங்க, அக்காகிட்ட!"

அக்கா காதில் வைத்துக் கேட்டார். வால்வைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். சொல்ல வேண்டியதெல்லாம் அப்போதுதான் எனக்கு வாயில் வந்தது. பழைய குழாய், துரு, ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் வால்வை அடைத்த வாரம், எல்லாம் சொன்னேன்.

அக்கா தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"பாவிப் பயலே! இத்தன நாளு சோறு தண்ணி எறங்காமக் கெடந்தேனேடா! இத வாயால சொன்னா என்ன, முத்தா உதுந்துரும்?" என்று திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். பிறகு தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். குளிர்ந்து போய் "யப்பா" என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப நான் அன்னைக்கித் திருப்பி ஊத்துன தண்ணி எங்க போச்சு தம்பி?"

"கீழ ஓடைக்கிப் போயிருக்கும் அக்கா. அங்கேர்ந்து ஆறு. மலையக் கொடஞ்சு தண்ணிக்குப் பாதை போட்டுருக்காங்கல்ல, அது வழியாப் போயி கரண்டு மிஷினச் சுத்தி விட்டுட்டுப் பேராக் பக்கம் எறங்கும். அப்புறம் கடல்."

"அவரு ஒரு மடக்குத்தான் குடிச்சாரு. மீதி அப்படியே இருந்துச்சு." அக்கா பனியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கடலுக்குப் போனது திரும்பி வருமா?"

"வரும் அக்கா. எப்பன்னு தெரியாது. எது அதுன்னும் தெரியாது. ஆனா வரும்."

அக்கா எழுந்து வால்வை இறுக மூடினார்.

"காஞ்ச காலத்துல மண்ணுக்குள்ள எதுக்கு வீணா? வா போலாம். கோவில்ல நீதான் சொல்லணும்."

"நானா?"

"பின்ன? நான் சொன்னாத் தப்பிக்கப் பாக்குறான்னு சொல்லுவாளுங்க."

தூண் இல்லாத இடம்

திருவிழாக் கூட்டம் கோவில் மண்டபத்தில் நடந்தது. அங்கே தூண் இல்லை. தகரக் கூரையும் பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான். நான் எழுந்து நின்றதும், ஏதோ விழுந்துவிட்டதோ என்று பக்கத்தில் இருந்தவர் கீழே பார்த்தார்.

"சத்தமாச் சொல்லு லா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சொன்னேன்.

பெருமாள் அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "என்ன மணியம், அம்மனப் பைப்புங்கிறியா?"

"இல்லண்ணே. தண்ணி பைப்புல வந்துச்சுன்னு சொல்றேன். பைப்புக்கு எங்கேர்ந்து வருதுன்னு மேல போய்ப் பாத்தோம். அதுக்கு ஒரு எடம் இல்லண்ணே. காடு பூராச் சொட்டுது."

"அப்ப ஞாயித்துக்கெழம பொங்குறது?"

"பெக்டரி லீவுண்ணே."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது இரண்டு வரிசைக்குப் பரவி, பெருமாள் அண்ணன் பார்த்த பார்வையில் நின்றது. சாவு வீட்டுத் தண்ணி என்று சுனையடியில் அன்று பேசிய பெண் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா யாரையும் பார்க்காமல் நேராக உட்கார்ந்திருந்தார்.

"அப்ப இந்த வருஷம் கரகத்துக்கு எங்க தண்ணி எடுக்குறது?" என்று கேட்டார் பெருமாள் அண்ணன். கோபத்தில் கேட்ட மாதிரி இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

துரையிடம் கேட்டு வால்வைத் திறக்கலாம் என்றார் ஒருவர். ஆற்றுக்குப் போகலாம் என்றார் இன்னொருவர். முடிவில்லாமல் கூட்டம் கலைந்தது. மறுநாள் சில வாளிகள் அக்கா வீட்டுக்கு வந்தன. சில இன்னும் மேட்டில் ஏறின. அக்கா வேனை வேண்டாம் என்று சொல்லவில்லை. "உண்மை தெரிஞ்சிருச்சு, சரி. ஆனா நாக்கு என் மேல பட்டுருச்சுல்ல" என்றாராம் லெட்சுமியிடம்.

கடைசிக் குழாய்

திருவிழா அன்று காலை உறுமி முழங்க, கரகக் கூட்டம் கோவிலிலிருந்து கிளம்பியது. பெருமாள் அண்ணன் முன்னால் நடந்தார். ஆற்றுக்குத்தான் போகிறார் என்று நினைத்தோம். லயத்தின் வழியாக இறங்கினார். கடைசி வீட்டு வாசலில் நின்றார். கையை உயர்த்தியதும் உறுமி நின்றது.

"அக்கா, கொடத்த எடுத்தாங்க."

அக்கா கதவோரத்தில் நின்றார். "இங்கயா?"

"மேல் தொட்டித் தண்ணி கடைசியா வந்து நிக்கிற எடம் இதுதான. இதுக்குக் கீழ பைப்பு இல்ல. எடுத்தாங்க அக்கா, வெயில் ஏறுது."

குடம், கட்டி வைத்த பெட்டிக்குள் இருந்தது. அக்கா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், அது வரவில்லை. அவ்வளவு பேரும் காத்திருந்தோம். பல்லால் கடித்து அவிழ்த்து, சேலைகளுக்கு அடியிலிருந்து குடத்தை எடுத்து வந்தார். குழாயைத் திருகினார். முதலில் காற்று இருமியது. பிறகு தண்ணீர் வந்தது.

குடம் நிறைய நிறையக் கனத்தது. அன்று சுனையடியில் பேசிய பெண் கூட்டத்திலிருந்து வந்து, குனிந்து குடத்தின் அடியைத் தாங்கிப் பிடித்தாள். அக்கா அவளுக்கு இடம் விட்டுச் சற்று நகர்ந்து நின்றார்.

குடம் வழிந்து அவர்கள் இருவரின் காலையும் நனைத்து வாய்க்காலில் ஓடியது.

"மூடுங்கக்கா, ஓடிப் போகுது" என்றார் பெருமாள் அண்ணன்.

"எங்க போயிரப் போகுது? வரும்" என்று சொல்லிக்கொண்டே அக்கா குழாயை மூடினார்.

பெட்டியைக் கட்டியிருந்த பச்சை நைலான் கயிறு இப்போது அக்கா வீட்டு வாசலில், குழாய்க் கம்பத்துக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவே கட்டியிருக்கிறது. அதில் துணி காய்கிறது. எங்கள் ஊர்ப் பனியில் அது அவ்வளவு சீக்கிரம் காயாது. அக்காவுக்கு அவசரமும் இல்லை.